பின்னாடி பாருய்யா

கதவைத் திறப்பது பேய் இல்லை, கயிறு. தாழ்ப்பாளுக்குக் கீழே கறுப்பு நூலைக் கட்டி, அந்தப் பக்கம் யாரோ நின்று மெதுவாக இழுக்கிறார்கள். இத்தனை வருஷம் கழித்துப் பார்க்கும்போது அது பளிச்சென்று தெரிந்தது.

படத்தைத் தேடிப் பிடித்தது என் மகள். போன பொங்கல் லீவில், மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு, செல்போனிலிருந்து டிவிக்கு மாற்றிவிட்டு, "அம்மா, சின்ன வயசுல பாத்து நடுங்குனேன்னு சொல்லுவல்ல, அந்தப் பேய்ப் படம் கிடைச்சிடுச்சு, வா" என்று கூப்பிட்டாள். கறுப்பு வெள்ளைப் படம். ஒரு வக்கீல் மலையடிவாரத்துப் பங்களாவுக்குத் தனியாகக் குடி வருகிறார். காலையில் முகமெல்லாம் சோப்பு நுரையோடு கண்ணாடி முன் நின்று, ஏதோ முனகிக்கொண்டே ஷேவ் செய்கிறார். அவருக்குப் பின்னால் ஒரு பூட்டிய அறை. முதல் நாள் அந்தக் கதவு ஒரு விரல் அளவு திறக்கிறது. அடுத்த நாள் ஒரு சாண். மூன்றாவது நாள் முழுசாகத் திறந்து, தலைவிரி கோலமாக ஒரு உருவம் வாசலில் வந்து நிற்கிறது. வக்கீல் தாடையைத் தூக்கிக் கழுத்தை மழித்துக்கொண்டிருக்கிறார்.

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அட்டையில் வெட்டிய வௌவாலைப் பார்த்துச் சிரித்தாள், பேயின் ஒட்டு இமையைப் பார்த்துச் சிரித்தாள். "இதுக்கா பயந்த?" என்று கேட்டாள். நானும்தான் சிரித்தேன். ஆனால் அந்த மூன்றாவது ஷேவிங் வந்ததும் என் இடது காது தானாக ஒரு குரலுக்குக் காத்திருந்தது.

"யோவ் வக்கீலு! பின்னாடி பாருய்யா! பின்னாடி!"

அந்தக் குரல் எங்கள் எதிர்வீட்டு லைன்மேனுடையது.

செஞ்சியில் திருவண்ணாமலை ரோட்டுக்குப் பின்னால் எங்கள் தெரு. அவருக்கு நல்ல பெயர் ஒன்று இருந்தது, கூப்பிடத்தான் ஆளில்லை. பெரியவர்களுக்கு லைன்மேன், எங்களுக்குக் கரண்ட் மாமா. ஆறடி உயரம். முறுக்கிவிட்ட மீசை. இடுப்பில் தோல் பெல்ட், அதில் கட்டிங் பிளேயர். அவர் கம்பத்தில் ஏறுவதைப் பார்த்தால் சினிமாவில் சண்டை போடப் போகிறவர் மாதிரி இருக்கும். அந்த ஆள் வாயைத் திறந்தால் வருவது ஒரே பேச்சுதான்.

"எனக்குப் பயமா இருக்குதுப்பா."

மற்றவர்கள் 'எனக்குச் சுகர் இருக்கு' என்று சொல்வார்களே, அந்த மாதிரி சொல்வார். வெட்கமும் கிடையாது, சிரிப்பும் கிடையாது. மாட்டுக்குப் பயம், முட்டுகிற மாடு முட்டாத மாடு என்ற பேதமில்லாமல். கோட்டைக் குரங்குக்குப் பயம். ஊசிக்குப் பயம். அவருடைய மாமியார் மேல்சித்தாமூர்ப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினால், "அவங்க வந்துக்கினு இருக்காங்க, கொஞ்ச நேரம் இங்கயே உக்காந்துக்கறேன்" என்று எங்கள் வீட்டுக்குள் வந்துவிடுவார். அந்த அம்மாள் நாலடி உயரம்.

அவர் வீட்டிலும் டிவி இருந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பேய்ப் படம் என்றால் மனைவியையும் ஒரு தலையணையையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். "ரெண்டு பேரா பாக்க பயமா இருக்குது. கும்பலா இருந்தா பரவால்ல." அத்தை, அதாவது அவர் மனைவி, தலையில் அடித்துக்கொள்வார். "அப்போ பாக்காம இருங்களேன். யாரு கேட்டா?"

"பாக்காம இருந்தா இன்னா ஆச்சோன்னு அது ஒரு பயம்."

தலையணை மடியில் இருக்கும். கதவு ஒரு விரல் திறக்கும்போது மார்புக்கு ஏறும். ஒரு சாண் திறக்கும்போது மூக்குக்கு. முழுசாகத் திறக்கும்போது தலையணைக்கு மேலே இரண்டு கண்ணும், கீழே மீசையின் இரண்டு நுனியும்தான் தெரியும். அங்கிருந்துதான் அந்த அலறல் வரும். அதைக் கேட்டு என் அம்மா அலறுவாள், அம்மாவைப் பார்த்து நான் அலறுவேன். இன்று யோசித்தால் நான் அந்தப் பேயைப் பார்த்துப் பயந்த ஞாபகமே இல்லை. அவர் பயந்ததைப் பார்த்துப் பயந்ததுதான் இருக்கிறது. அதில் ஒரு குஷியும் இருந்தது. படம் முடிந்ததும் எல்லோரும் வியர்த்து வழிந்து ஏதோ பெரிய வேலை செய்தவர்கள் மாதிரி டீ குடிப்போம்.

படத்தின் கடைசியில் அது பேயே இல்லை, பங்களாவை அபகரிக்க எஸ்டேட் மேனேஜர் போட்ட வேஷம் என்று தெரியவரும். எங்கள் வீட்டில் கூடியிருக்கும் தெருவே நிம்மதியாக மூச்சு விடும். அவருக்கு மட்டும் ஆறாது.

"மேனேஜர்னா இன்னும் பயம்யா. பேய்க்காச்சும் ஒரு ஞாயம் இருக்கும். இவனுக்கு இன்னா இருக்குது?"

என் அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். அவர் இதற்கு நேர் எதிர். நெல் மார்க்கெட்டில் மூட்டை எடை போடுகிற வேலை. பாம்பு வந்தால் கையால் பிடித்துத் தூர எறிகிறவர். பயம் என்பது நைனாவுக்கு ஒரு கெட்ட வார்த்தை. "ஆம்பளையாடா நீ? இந்த மீசையை எடுத்துட்டுப் பொட்டு வச்சிக்க" என்று லைன்மேனைச் சீண்டிக்கொண்டே இருப்பார். லைன்மேனுக்குக் கோபம் வராது. "வச்சிக்கறேண்ணா. பொட்டு வச்சா பயம் போயிடுமா?" என்று நிஜமாகவே கேட்பார்.

ஒருமுறை அத்தையின் தங்கை குடும்பம் சென்னையிலிருந்து வந்திருந்தது. கோட்டை பார்க்கப் போனோம். ராஜாகிரி உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் பாறை இரண்டாகப் பிளந்து கிடக்கும். குனிந்து பார்த்தால் பெரும் பள்ளம். நடுவே ஒரு சின்னப் பாலம். அதற்குக் கைப்பிடியும் இருக்கிறது. குழந்தைகள் ஓடிக் கடக்கிறார்கள். லைன்மேன் பாலத்தருகே வந்தார், நின்றார், வேட்டியை மடித்துக் கட்டினார், உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபடியே, பின்பக்கத்தைத் தேய்த்துத் தேய்த்து, கண்ணை மூடிக்கொண்டு நகர ஆரம்பித்தார்.

அங்கே ஒரு காலேஜ் கோஷ்டி நின்றிருந்தது. சிரிப்பு என்றால் அப்படி ஒரு சிரிப்பு. "அங்கிள், ஹாரன் அடிங்க!" என்று ஒருத்தன் கத்தினான். லைன்மேன் கண்ணைத் திறக்காமலே, "பயமா இருக்குது தம்பி, சிரிக்க வெக்காத, வுழுந்துடுவேன்" என்றார்.

அப்போது எங்களுக்குப் பின்னால் ஒரு தடித்த மனிதர் நின்றிருந்தார். வெளியூர்க்காரர், கழுத்தில் கேமரா. ரொம்ப நேரமாகப் பாலத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எதிரே இருக்கும் கிருஷ்ணகிரிக் குன்றை ரசிப்பதுபோல் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவியும் பிள்ளைகளும் அக்கரையிலிருந்து கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சலித்திருந்தார்கள். அவர் கேமராவை உறைக்குள் வைத்தார். லைன்மேனுக்குப் பின்னால் உட்கார்ந்தார். தேய்த்துக்கொண்டே போனார். அவருக்குப் பின்னால் புதிதாகக் கல்யாணமான ஒரு பெண், அவளுக்குப் பின்னால் அந்தக் காலேஜ் கோஷ்டியிலேயே ஒருத்தன். லைன்மேன் அக்கரை சேர்ந்து கண்ணைத் திறந்து பார்த்தால் பின்னால் ஒரு ரயிலே வந்துகொண்டிருந்தது. "இன்னாப்பா, இத்தினி பேரா?" என்று அவருக்கே ஆச்சரியம்.

நைனாவுக்கும் அவருக்கும் இடையே இருந்த கேலி ஒரே நாளில் நின்றுபோனது. அதைச் சொல்லியாக வேண்டும்.

அன்று இதே படத்தை டிவியில் மூன்றாவது தடவையாகப் போட்டார்கள். நல்ல மழை. தெருவே எங்கள் வீட்டில் இருந்தது. வக்கீல் மூன்றாவது நாள் சோப்பு நுரை பூசுகிறார், கதவு அசைகிறது, லைன்மேன் தலையணையைத் தூக்குகிறார், கரண்ட் போய்விட்டது. தெருமுனையில் கம்பி அறுந்து கிடந்தது.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் எழுந்து போய் டிரான்ஸ்பார்மரில் சுவிட்சை இறக்கிவிட்டு வந்தார். அப்புறம் கம்பத்தடியில் நின்றார். நின்றுகொண்டே இருந்தார். மழை விட்டது. அப்பவும் ஏறவில்லை.

"ஏறுய்யா, படம் முடிஞ்சிடப் போவுது!" என்றார்கள்.

"பயமா இருக்குது. இருங்க."

"சுவிட்ச்சதான் ஆப் பண்ணிட்டியே, அப்புறம் இன்னா பயம்?" என்று நைனா முன்னால் வந்தார். "தள்ளு, நா ஏர்றேன்." செருப்பைக் கழற்றிவிட்டுக் கம்பத்தில் கையை வைத்தும்விட்டார்.

லைன்மேன் நைனாவின் இடுப்பைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். இரண்டு பேரும் சேற்றில் விழுந்தார்கள். நைனா கெட்ட கெட்ட வார்த்தையாகத் திட்டினார். லைன்மேன் போய் ஒரு நீளக் கழியை எடுத்து வந்தார். அதன் நுனியில் கொக்கி, கொக்கியிலிருந்து தொங்கும் ஒரு செப்புக் கம்பி. கம்பியில் கரண்ட் மிச்சமிருந்தால் மண்ணுக்குள் இறக்கிவிடுவதற்கான ஏற்பாடு. செப்புக் கம்பியின் ஒரு முனையை ஈர மண்ணில் ஆழமாக அடித்தார். எல்லோரையும் பத்தடி தள்ளி நிற்கச் சொன்னார். கழியைத் தூக்கி மேலே கம்பியில் மாட்டினார்.

நீலமாக ஒரு வெளிச்சம். வெடி வெடித்த மாதிரி சத்தம். பிறகு கருகிய வாசனை.

தெருக்கோடியில் ஒரு கல்யாண மண்டபம். கரண்ட் போனதும் அங்கே ஜெனரேட்டர் போட்டிருக்கிறார்கள். வயர் மாட்டியவன் கோளாறு செய்ததில் அந்தக் கரண்ட் மண்டபத்தோடு நிற்காமல் வெளிக் கம்பிக்கும் ஏறியிருக்கிறது. டிரான்ஸ்பார்மரை அணைத்து என்ன பிரயோஜனம்? நைனா அந்தக் கம்பத்தில் ஏறியிருந்தால் கதை வேறு.

லைன்மேன் கழியைப் பிடித்தபடியே நின்றார். கால் இரண்டும் கடகடவென்று ஆடின. "இதுக்குத்தான்... இதுக்குத்தான்ணா எனக்குப் பயம்" என்றார். அப்புறம் மண்டபத்துக்கு நடந்துபோய் ஜெனரேட்டரை நிறுத்த வைத்துவிட்டு வந்து, திரும்பவும் கழியை மாட்டிப் பார்த்துவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு ஏறினார். கரண்ட் வந்தபோது டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. படம் போச்சே என்று அன்றைக்கு ஒருவரும் சொல்லவில்லை. நைனா வீட்டுக்குள் போய் ஒரு சொம்புத் தண்ணீரும் துண்டும் எடுத்துவந்து அவரிடம் நீட்டினார். மன்னிப்பு கேட்கிற பழக்கம் நைனாவுக்கு இல்லை. மீசை, பொட்டுப் பேச்சு அதோடு சரி.

பார்த்த படத்தைப் பார்த்து எதற்குப் பயப்படுகிறார் என்று நான் அவரிடமே ஒருமுறை கேட்டிருக்கிறேன். "மாமா, ஏற்கெனவே பாத்த படம்தானே? மேனேஜர்னுதான் தெரியுமே?"

"பாத்ததாலதான் பாப்பா பயம். அவன் வர்றது எனக்குத் தெரியுது. அந்த வக்கீலுக்குத் தெரியலியே. அவனுக்கும் சேத்து நான்தான பயப்படணும்?"

அடுத்தவருக்கும் சேர்த்துப் பயப்படுவது என்றால் என்ன என்று எனக்குப் புரிய இன்னும் எட்டு வருஷம் ஆயிற்று. நான் காலேஜில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். நைனா மார்க்கெட்டில் மூட்டைகளுக்கு நடுவே மயங்கி விழுந்தார். நெஞ்சுவலியை மூன்று மாதமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தார் என்பது அப்புறம்தான் தெரிந்தது. புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இதயத்துக்குப் போகிற குழாயில் மூன்று அடைப்பு, நெஞ்சைத் திறந்துதான் செய்ய வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்றார்கள்.

நைனா வேண்டாம் என்றுவிட்டார். நெல் வருகிற சீசன் என்றார். ஆடி மாசம் என்றார். பாப்பாவுக்குப் பரீட்சை என்றார். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக ஆப்பிளோடு வந்து கட்டிலருகே நின்று, "ஒண்ணும் ஆவாது, தைரியமா இரு, நீ பாக்காததா?" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நைனா ஒவ்வொருவருக்கும் தலையை ஆட்டுவார். அவர்கள் போனதும், "டிஸ்சார்ஜ் பண்ணச் சொல்லு" என்பார். அம்மா வராந்தாவில் போய் அழுவாள்.

மூன்றாம் நாள் லைன்மேன் வந்தார். ஆஸ்பத்திரி வாசனைக்கே அவர் முகம் வெளிறிப்போயிருந்தது. ஆப்பிள் இல்லை. கட்டிலில் நைனாவின் கால்மாட்டில் உட்கார்ந்து அவர் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்கருந்து இதுவரைக்குமா அறுப்பாங்க?"

அம்மா பதறிப்போய் அவரைப் பார்த்தாள்.

"எம்மாடி. எனக்கு இப்பவே காலெல்லாம் நடுங்குதுண்ணா. உனக்குப் பயமா இல்ல?"

நைனா சுவரைப் பார்த்தார்.

"இருக்குதுடா" என்றார் நைனா.

என் வாழ்க்கையில் அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து அதற்கு முன் நான் கேட்டதில்லை. அம்மாவும் கேட்டிருக்க மாட்டாள்.

"எவ்ளோ இருக்குது?"

"மயக்க ஊசி போட்டா எழுந்திருக்காமயே போயிடுவேனோன்னு இருக்குது. எழுந்தாலும் மூட்டை தூக்க முடியாம வூட்ல குந்திக்கினு இருப்பேனோன்னு இருக்குது. இவங்கள யாரு..." நைனா நிறுத்திவிட்டு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது.

லைன்மேன் அவரைத் தேற்றவில்லை. காலைப் பிடித்துக்கொண்டு அவரும் அழுதார். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னிடம், "பாப்பா, நோட்டு வச்சிருக்கியா? எடு" என்றார். "அண்ணா, நா கம்பத்துல ஏறும்போது இன்னா பண்ணுவேன்? எதெதுக்குப் பயமோ அதையெல்லாம் ஒரு தபா செக் பண்ணிட்டு ஏறுவேன். பயத்தைத் தொறந்து சொல்லு. பாப்பா எழுதிக்கட்டும். டாக்டரம்மாகிட்ட ஒண்ணு வுடாம கேட்டுடுவோம்."

நைனா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஒன்பது பயம். பத்தாவதாக லைன்மேன் தன்னுடையது ஒன்றைச் சேர்க்கச் சொன்னார்: 'அறுக்கும்போது கரண்ட் போனால் என்ன செய்வீர்கள்?' டாக்டர் சின்ன வயதுப் பெண். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பத்துக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். சிலவற்றுக்கு, "அது நடக்கலாம். நடந்தா இப்படிச் செய்வோம்" என்றே சொன்னார். பத்தாவதுக்குச் சிரித்துவிட்டு, ஜெனரேட்டர் எங்கே இருக்கிறது என்று லைன்மேனுக்கு ஆளை அனுப்பிக் காட்ட வைத்தார். அவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "வயரிங் நல்லா இருக்குதுண்ணா" என்றார். அன்று மத்தியானமே நைனா கையெழுத்துப் போட்டார்.

முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நைனா பிழைத்துக்கொண்டார். மூட்டை தூக்கவில்லை, ஆனால் மார்க்கெட்டில் உட்கார்ந்து எழுதுகிற வேலை கொடுத்தார்கள். என் கல்யாணத்தைப் பார்த்தார், என் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு கோட்டை வாசல் வரைக்கும் நடந்தார். லைன்மேன் ஒரு காயமில்லாமல் ரிட்டயர் ஆகி, ஓசூரில் மகள் வீட்டோடு போய்விட்டார். எட்டாவது மாடி. லிஃப்ட்டில் தனியாக ஏறப் பயமாம். யாராவது வருகிற வரைக்கும் கீழேயே காத்திருந்து அவர்களோடு ஏறுவாராம். அப்படியே அந்தக் கட்டடத்தில் இருக்கிற அத்தனை பேரையும் பழக்கம் பிடித்துவிட்டார் என்று அத்தை போனில் சொல்லிச் சிரித்தார்.

ஆனால் அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்த ஆபரேஷன் நாள் காலைதான். தியேட்டர் வாசலில் நைனா பச்சை அங்கி தெரியாமல் போர்வையைப் போர்த்திக்கொண்டு, ஸ்ட்ரெச்சருக்காகக் காத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அவர் கையைப் பிடித்தபடி பக்கத்து ஸ்டூலில் லைன்மேன். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது, மீசை துடித்தது, உதடு காய்ந்து வெள்ளையாகியிருந்தது. கேஸ் சீட்டோடும் ஸ்ட்ரெச்சரோடும் வந்த நர்ஸ் இரண்டு பேரையும் பார்த்தார். நேராக லைன்மேனிடம் போய் அவர் தோளைத் தொட்டு, "பயப்படாதீங்கப்பா, தூங்கி எழுந்திரிக்கிற மாதிரிதான். மெதுவா எழுந்து இதுல படுங்க" என்றார்.

லைன்மேன் எழுந்தே விட்டார். ஸ்ட்ரெச்சரில் ஒரு காலைத் தூக்கியும் வைத்துவிட்டார். "சிஸ்டர், அது அவரில்ல, இவரு" என்று அம்மா ஓடிவந்து தடுப்பதற்குள் நைனாவுக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்துவிட்டது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நர்ஸ் சிரித்தார், ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர் சிரித்தார். "ஏன்டா, எனக்குப் பதிலா நீயே போயிட்டு வந்துடுவியா?" என்று நைனா கேட்டார்.

"போயிடுவேன்ணா. பயமாத்தான் இருக்குது" என்றார் லைன்மேன்.

நைனா தானாகவே ஏறிப் படுத்தார். கதவு மூடிய பிறகும் உள்ளே அவர் சிரிக்கிற சத்தம் எங்களுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.